கடைசி நூறு அடி: பார்சல் ஏன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது?

இந்த எபிசோடை ஒரு மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கலாம். உங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். ‘பார்சலைக் கொண்டு வந்தோம், நீங்கள் வீட்டில் இல்லை.’ நீங்க வீட்டுலதான் இருந்திருப்பீங்க. காலையில இருந்து எங்கயும் நகரல. காலிங் பெல் அடிக்கல, போன் வரல. ஆனா ஆப் சொல்லுது, நீங்க இல்லைன்னு.

அடுத்து நாம என்ன பண்ணுவோம்? கஸ்டமர் கேர்ல திட்டுவோம். மறுநாள் பார்சலோட வர்றவரைத் திட்டுவோம். நான் உங்களைத் திட்ட வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நூத்தம்பது வருஷம் பின்னாடி போயிட்டு வரலாம். ஏன்னா இந்தப் பிரச்சினை ஆன்லைன் ஷாப்பிங்கோட பிறந்தது கிடையாது. இந்தியாவுல பார்சல் வீட்டுக்கு வரத் தொடங்கின நாள்ல இருந்து இருக்கு. ஒவ்வொரு தலைமுறையும் இதைத் தீர்க்கப் பார்த்திருக்கு. ஊர் வரைக்கும், தெரு வரைக்கும் தீர்த்துட்டாங்க. கடைசி நூறு அடி மட்டும் எப்பவும் ஒரு மனுஷனோட தலையில விழுந்திருக்கு. அந்த நூறு அடியோட கதைதான் இன்னைக்கு.

காவடியில வந்த பார்சல்

ரயில் வர்றதுக்கு முன்னாடி, கடிதம் ஓடியே போச்சு. தபால் ஓட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க, அடுத்த ஆள்கிட்ட மாத்திவிடுவாங்க. பார்சலுக்கு இது சரிப்படாது, கனம் அதிகம். அதனால ஒரு மூங்கில் கழி, ரெண்டு முனையிலயும் பெட்டி, நடுவுல ஒரு தோள். நமக்குத் தெரிஞ்ச காவடிதான். அதை வடக்கே ‘பாங்கி’ன்னு சொன்னாங்க. பிரிட்டிஷ்காரங்க காலத்து ஆவணங்கள்ல பார்சல் தபாலுக்குப் பேரே ‘பாங்கி தபால்’தான்.

1854-ல இந்தியா முழுக்க ஒரே மாதிரியான தபால் கட்டணம் வந்துச்சு. 1856-ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடுச்சு. பார்சல் தோள்ல இருந்து இறங்கி ரயில் பெட்டிக்குள்ள ஏறுச்சு. தூரம் ஒரு பிரச்சினையா இருந்தது மெல்லக் குறைய ஆரம்பிச்சது.

தூரம் குறைஞ்சதும் வேற ஒரு பிரச்சினை வெளியே வந்துச்சு. அது நம்பிக்கை. கல்கத்தாவுல ஒரு கடைக்காரர் இருக்கார், தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்துல நீங்க இருக்கீங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. முதல்ல பணத்தை நீங்க அனுப்பணுமா, பொருளை அவர் அனுப்பணுமா?

1877: வி.பி.பி.

இதுக்கு இந்திய தபால் துறை கண்டுபிடிச்ச பதில்தான் வேல்யூ பேயபிள் போஸ்ட், சுருக்கமா வி.பி.பி. 1877-ல வந்துச்சு. நம்ம தாத்தா பாட்டிகிட்ட கேட்டா சொல்லுவாங்க. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினீங்கன்னா விளம்பரத்துக்குக் கீழே ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும்’னு ஒரு வரி இருக்கும். புத்தகம், கைக்கடிகாரம், கூந்தல் தைலம், லேகியம்னு எல்லாத்துக்கும்.

வேலை செய்யற விதம் எளிமையானது. நீங்க ஒரு போஸ்ட் கார்டு போடுவீங்க. கடைக்காரர் பார்சலைத் தபால் ஆபீஸ்ல குடுப்பார், எவ்வளவு பணம் வாங்கணும்னு எழுதிக் குடுப்பார். தபால்காரர் உங்க வாசலுக்கு வந்து பணத்தை வாங்கிக்கிட்டுப் பார்சலைக் குடுப்பார். அந்தப் பணம் மணியார்டரா கடைக்காரருக்குப் போயிடும். ஆமா, கேஷ் ஆன் டெலிவரி. நாம 2010-ல வந்த புதுமைன்னு நினைச்சுக்கிட்டிருக்கற விஷயம், ரவிவர்மா படங்கள் வீட்டுச் சுவர்ல ஏறுறதுக்கு முன்னாடியே இங்க இருந்துச்சு.

பேங்க் கணக்கு இல்லாத, நகரத்துக்கு வந்து கடை ஏறி இறங்க வசதி இல்லாத லட்சக்கணக்கான பேருக்கு இது ஒரு ஜன்னல். நான் இதைச் சின்ன விஷயமா நினைக்கல. ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கு அவர் கேட்ட புத்தகம் கைக்கு வர்றது சாதாரண விஷயமா?

ஆனா இதுக்குள்ளேயே ரெண்டு ஓட்டை இருந்துச்சு. முதல் ஓட்டை: பணம் குடுக்காம பார்சலைப் பிரிக்க முடியாது. பிரிச்சுப் பார்த்தா உள்ள வேற ஏதாவது இருக்கலாம். பணம் ஏற்கெனவே போயிடுச்சு. ரெண்டாவது ஓட்டை: ஆர்டர் பண்ணினவர், பார்சல் வரும்போது ‘எனக்கு வேண்டாம்’னு சொல்லிடலாம். மனசு மாறியிருக்கலாம், அன்னைக்குக் கையில காசு இல்லாம இருந்திருக்கலாம். அப்போ பார்சல் திரும்பிப் போகும். போக வர செலவு கடைக்காரர் தலையில.

மூணாவதா ஒரு தில்லுமுல்லும் இருந்துச்சு. யாருமே ஆர்டர் பண்ணாத பார்சலைச் சும்மா அனுப்பிப் பார்க்கறது. வீட்டுல யாராவது ஒருத்தர், ‘அவர்தான் வரவழைச்சிருப்பார் போல’ன்னு பணம் கட்டி வாங்கிடுவாங்க. இன்னைக்கும் இதே தந்திரம் நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

சட்டம் யாரைக் காப்பாத்துச்சு?

1898-ல இந்திய அஞ்சல் சட்டம் வந்தது. இந்த ஓட்டைகளை எல்லாம் அந்தச் சட்டம் பார்த்திருக்கு. வி.பி.பி. அனுப்பறவர், தனக்கு உண்மையாகவே ஒரு ஆர்டர் வந்திருக்கு, அதுக்காகத்தான் அனுப்பறேன்னு உறுதிமொழி எழுதிக் குடுக்கணும்னு விதி போட அதுல இடம் இருக்கு. மோசடின்னு தெரிஞ்சா, வசூலான பணத்தைக் கடைக்காரருக்கு அனுப்பாம நிறுத்தி வெச்சு, வாங்கினவருக்கே திருப்பிக் குடுக்கவும் வழி இருக்கு.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா அதே சட்டத்தோட 6-ஆவது பிரிவைப் படிக்கணும். தபால்ல போற பொருள் தொலைஞ்சாலோ, தப்பான ஆளுக்குப் போனாலோ, தாமதமானாலோ, உடைஞ்சாலோ அரசாங்கத்துக்குப் பொறுப்பு கிடையாது. இன்ஷூர் பண்ணின பார்சல் மாதிரி, வெளிப்படையா ஏத்துக்கிட்ட பொறுப்பு மட்டும் விதிவிலக்கு. ஊழியர் மேல பொறுப்பு வரணும்னா அவர் மோசடியாகவோ வேணும்னேயோ பண்ணியிருக்கணும்.

இந்தப் பிரிவு நூத்தி இருபத்தஞ்சு வருஷம் நின்னுச்சு. 2023-ல புது அஞ்சல் சட்டம் நிறைவேறி, 2024 ஜூன்ல நடைமுறைக்கு வந்தப்பவும், விதிகள்ல ஏத்துக்கிட்டதைத் தவிர வேற பொறுப்பு கிடையாதுங்கற அதே சிந்தனைதான் தொடருது.

இதுல ஒரு நியாயம் இருக்கு. கோடிக்கணக்கான பொருட்களைக் குறைஞ்ச விலையில கொண்டு போற ஒரு துறை, ஒவ்வொண்ணுக்கும் முழு நஷ்டஈடு குடுத்தா தபால்தலை விலை எங்கேயோ போயிடும். ஆனா விளைவு என்ன? பார்சல் காணாமப் போனா நஷ்டம் அனுப்பினவருக்கு, இல்லன்னா காத்திருந்தவருக்கு. நடுவுல இருக்கற பெரிய அமைப்புக்குக் கிட்டத்தட்ட எதுவும் இல்ல.

தபால்காரர் தலைக்குள்ள இருந்த மேப்

அப்படியும் இந்த அமைப்பு ஓடுச்சு. எப்படி ஓடுச்சுன்னா, தபால்காரருக்கு ஒரு ‘பீட்’ இருந்துச்சு. பீட்னா அவர் தினமும் சுத்தற தெருக்கள். வருஷக்கணக்கா அதே தெரு. முகவரியில ‘பிள்ளையார் கோயில் எதிரில், மாடி வீடு’ன்னு மட்டும் இருந்தாலும் போதும். எந்தப் பிள்ளையார், எந்த மாடி, அந்த வீட்டுல பகல்ல யார் இருப்பாங்க, வி.பி.பி.க்குப் பணம் குடுக்கற நிலையில மாசக் கடைசியில யார் இருப்பாங்கன்னு எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஆர்.கே. நாராயண் ‘மால்குடி டேஸ்’ தொகுப்புல ஒரு கதை எழுதியிருக்கார். தானப்பான்னு ஒரு தபால்காரர். ஒரு வீட்டுல கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு, அங்க வர வேண்டிய சாவுச் செய்தியைத் தன் கையிலயே வெச்சுக்குவார். விதிப்படி அது பெரிய தப்பு, அவருக்கும் அது தெரியும். ஒரு தபால்காரர் ஒரு குடும்பத்தை அந்த அளவுக்குத் தெரிஞ்சு வெச்சிருக்கறதை அன்னைக்கு வாசகர்கள் நம்பினாங்க. அதனாலதான் அந்தக் கதை நிக்குது.

தபால் குடுக்க முடியலைன்னா அவர் கவர் மேல ஒரு குறிப்பு எழுதுவார். ‘வீடு பூட்டியிருந்தது’, ‘இந்த விலாசத்தில் இல்லை’, ‘வாங்க மறுத்தார்’. நாலஞ்சு வகைதான். ஆனா அந்தக் கிறுக்கலுக்கு எடை இருந்துச்சு. பதிவுத் தபால்ல வந்த நோட்டீஸ் மேல ‘வாங்க மறுத்தார்’னு தபால்காரர் எழுதியிருந்தா, அது உரியவருக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான்னு நம்ம நீதிமன்றங்கள் எடுத்துக்கிட்டிருக்கு. தெருவுல நடந்து போற ஒருத்தரோட பேனாவுக்கு அவ்வளவு மதிப்பு.

அந்த அறிவுக்குச் சம்பளத்துல தனியா ஒரு வரி கிடையாதுன்னும் சொல்லணும். கிராமங்கள்ல தபால் குடுக்கற கிராம அஞ்சல் ஊழியர்கள் இன்னைக்கும் முழுநேர அரசு ஊழியர்னு கணக்குல வர்றது இல்ல.

ஆறு இலக்கம்

அடுத்த பெரிய முயற்சி 1972 ஆகஸ்ட் 15. சுதந்திரத்தோட வெள்ளி விழா அன்னைக்கு பின்கோடு வந்துச்சு. இதை உருவாக்கினவர் ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர். தகவல் தொடர்பு அமைச்சகத்துல அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும் கூட.

அவர் முன்னாடி இருந்த சிக்கலை நினைச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல மட்டும் எத்தனை புதூர், எத்தனை ராமாபுரம்! அதோட ஒருத்தர் வங்காளத்துல விலாசம் எழுதுவார், ஒருத்தர் குஜராத்தியில எழுதுவார். மெட்ராஸ்ல தபாலைப் பிரிக்கறவர் எத்தனை எழுத்து படிப்பார்? எண்ணுக்கு மொழி கிடையாது.

முதல் இலக்கம் 6-ன்னா தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் மூணு இலக்கம் 600-ன்னா சென்னை. கடைசி மூணு இலக்கம் பட்டுவாடா பண்ற தபால் ஆபீஸ். இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. அதுக்கு முன்னாடியே மெட்ராஸ்ல ‘மெட்ராஸ்-4’, ‘மெட்ராஸ்-17’னு எழுதுவாங்க. மயிலாப்பூர் 4, தி.நகர் 17. அந்த எண்கள் அப்படியே 600004, 600017-க்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. பெரியவங்க இன்னைக்கும் ‘சென்னை-17’னு எழுதினா தப்பா நினைக்காதீங்க, அது பின்கோடைவிட வயசுல மூத்தது.

ஆனா பின்கோடு எங்க முடியுதுன்னு பாருங்க. தபால் ஆபீஸ்ல முடியுது. உங்க வீட்டுல முடியல. ஆயிரக்கணக்கான வீட்டுக்கு ஒரே எண். அதுக்கு அப்புறம் வர்ற தூரம் மறுபடியும் தபால்காரர் தலைக்குள்ளதான்.

அந்தத் தூரம் நம்ம ஊர்ல எவ்வளவு குழப்பம்னு சென்னையில இருக்கறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பழைய எண், புதிய எண். மாநகராட்சி வீடுகளுக்கு எண்ணை மாத்திக் குடுத்துச்சு. ஆனா பழசும் போகல. ரெண்டும் சேர்ந்து கேட்ல தொங்குது. நான் இருக்கற தெருவுல ஒரு வீட்டோட பழைய எண்ணும், நாலு வீடு தள்ளி இன்னொரு வீட்டோட புதிய எண்ணும் ஒண்ணு. ரெண்டு வீட்டுக்காரங்களும் வாரம் ஒரு தடவை பார்சலை மாத்திக்கறாங்க. இதுல ஒரு மனையை ரெண்டாப் பிரிச்சு, அதுல அடுக்குமாடி கட்டினா 12/3ஏ-ன்னு கணக்குப் பாடம் மாதிரி ஆயிடும்.

பார்சல் ஆபீஸும் பொடி எழுத்தும்

எண்பதுகள்ல தனியார் கூரியர்கள் வளர ஆரம்பிச்சாங்க. 1986-ல தபால் துறையும் ஸ்பீட் போஸ்ட் கொண்டு வந்துச்சு. ஆனா கொஞ்சம் பெரிய பொருள்னா நம்ம ஊர்ல வழக்கமே வேற. லாரி பார்சல் ஆபீஸ். சரக்கு வந்துடுச்சுன்னு தகவல் வரும், நீங்க ரசீதோட போய் எடுத்துக்கணும். ‘டூ பே’ன்னா கூலியையும் எடுக்கறவர்தான் குடுக்கணும். ‘டோர் டெலிவரி’ங்கறது கூடுதல் காசுக்குக் கிடைக்கற தனிச் சேவை. கடைசி தூரத்துக்கு ஒரு விலை உண்டுங்கறதை அந்த ரசீது வெளிப்படையா ஒத்துக்கிச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கூரியர் ரசீதுல இன்னொண்ணு இருந்துச்சு: பின்னாடி பொடி எழுத்து. 1990-ல ஒரு பின்னலாடை நிறுவனம் ஜெர்மனிக்கு ஏற்றுமதி ஆவணங்களைக் கூரியர்ல அனுப்புச்சு. கவர் போய்ச் சேரல. நகல் அனுப்பி முடிக்கறதுக்குள்ள அங்க கோடைக்கால விற்பனை முடிஞ்சுடுச்சு. வாங்க வேண்டியவர் விலையைக் குறைச்சுட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1996-ல தீர்ப்பு: ரசீதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பொறுப்பு 100 டாலர் வரைக்கும்தான்னு அதுல இருக்கு, அதனால 100 டாலர்தான். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்குன்னு சட்டம் படிக்கறவங்களுக்குத் தெரியும்.

1898-ல சட்டம் பண்ணின வேலையை இப்போ ஒப்பந்தம் பண்ணுச்சு. நீங்க ஆப்ல ‘ஒப்புக்கொள்கிறேன்’னு தட்டறீங்களே, அதோட கொள்ளுத்தாத்தா இந்த ரசீதுதான்.

2010: பழைய பிரச்சினை, புது பேரு

2007-ல பெங்களூருல ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்க ஆரம்பிச்சது. கார்டு வெச்சிருக்கறவங்க கொஞ்சம், இணையத்துல பணம் கட்டத் துணியறவங்க அதைவிடக் கொஞ்சம். 2010-ல அவங்க கேஷ் ஆன் டெலிவரி கொண்டு வந்தாங்க, சந்தை திறந்துக்கிச்சு. 1877-ல கல்கத்தாக் கடைக்காரருக்கும் தஞ்சாவூர் ஆசிரியருக்கும் நடுவுல இருந்த அதே சந்தேகத்துக்கு அதே மருந்து.

பக்க விளைவும் அதேதான். விற்பனையாளர்கள்கிட்ட பேசினா ‘ஆர்டிஓ’ன்னு ஒரு வார்த்தை வரும். லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, ‘ரிட்டர்ன் டு ஆரிஜின்’. வாங்க மறுத்ததால, ஆள் கிடைக்காததால திரும்பி வர்ற பார்சல். பெட்டிக்குள்ள சோப்பு வந்துச்சு, கல்லு வந்துச்சுன்னு நாம பார்க்கற வீடியோக்கள் வி.பி.பி. காலத்துப் புகார்தான். ஓடிபியும், வாசல்லயே பிரிச்சுக் காட்டற டெலிவரியும் அந்த முதல் ஓட்டைக்கு ரொம்பத் தாமதமா வந்த ஒட்டு.

ஒண்ணு மட்டும் நிஜமாவே மாறிடுச்சு. பார்சல் கொண்டு வர்றவருக்கு ‘பீட்’ இல்ல. பல இடங்கள்ல அவருக்கு மாசச் சம்பளம் கிடையாது, ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு கணக்கு. பெட்ரோல் அவருது, வண்டி அவருது. இன்னைக்கு வேளச்சேரி, அடுத்த வாரம் பெரம்பூர். ஒரு தெருவைக் கத்துக்கறதுக்குள்ள அவர் மாறிடுவார், அவர் கத்துக்கிட்டதும் அவரோடயே போயிடும்.

லிஃப்ட்ல ‘டெலிவரி ஆட்களுக்கு அனுமதி இல்லை’ன்னு நோட்டீஸ் ஒட்டின அடுக்குமாடிகள் இருக்கு. கேட்ல பேர் எழுதணும், செக்யூரிட்டி உங்களுக்குப் போன் போடணும், நீங்க எடுக்கணும். பத்து நிமிஷம் போச்சு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு யாரும் காசு குடுக்கறது இல்ல. சாயங்காலம் ஆகுது, பையில இன்னும் பார்சல் இருக்கு, ஆப்ல ஒரு காரணத்தை அழுத்தணும். ‘நேரம் போதவில்லை’ன்னு ஒரு பட்டன் இருந்தா அவர் அதை அழுத்தலாம். இல்லாதபோது எது கைக்கு வருது? ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’.

அது பொய்தான். நான் அதை நியாயப்படுத்தல. உங்களுக்கு மருந்தோ, பரீட்சை ஹால் டிக்கெட்டோ, அம்மா அனுப்பின ஊறுகாயோ வராமப் போச்சுன்னா அந்தக் கோபம் நியாயமானது. ஆனா அன்னைக்குத் தபால்காரர் பேனாவால எழுதின குறிப்பு அவர் பார்த்ததைச் சொல்லுச்சு. இன்னைக்கு மெனுவுல இருக்கற குறிப்பு, பார்க்க நேரமில்லாதவர் தேர்ந்தெடுக்கறது. பேர் மட்டும்தான் ஒண்ணு.

நாலு மீட்டர் கட்டம்

2025 மே மாசம் தபால் துறை ‘டிஜிபின்’ வெளியிட்டுச்சு. நாட்டையே ஏறத்தாழ நாலுக்கு நாலு மீட்டர் கட்டங்களாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. பின்கோடு ஒரு தபால் ஆபீஸ் வரைக்கும் வந்துச்சுன்னா, இது உங்க கதவுக்குப் பக்கத்துல வருது. தெருப் பேரே இல்லாத இடங்கள்ல, ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல முடியாத இடங்கள்ல இது பெரிய உதவியா இருக்கலாம். எனக்கு இதுல உண்மையாகவே ஆர்வம் இருக்கு.

ஆனா பெருங்குடியில ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தை எடுத்துக்கோங்க. அந்த நாலு மீட்டர் கட்டத்துல ஒண்ணுக்கு மேல ஒண்ணா பதினாலு வீடு. கட்டத்துக்கு உயரம் தெரியாது. லிஃப்ட் வேலை செய்யுதான்னு தெரியாது. எட்டாவது மாடி அம்மாவுக்குக் காது கேக்காது, பெல் அடிச்சா போதாது, கதவைத் தட்டணும்னு தெரியாது. இதெல்லாம் தெரிஞ்சுக்கறதுக்கு யாரோ ஒருத்தர் அதே வாசலுக்குத் திரும்பத் திரும்ப வரணும்.

அதனால நான் வந்து சேர்ற இடம் இது. பார்சல் ஆபீஸ் ரசீது ஒத்துக்கிட்டதை நம்ம ஆப்கள் ஒத்துக்கறது இல்ல. ‘ஃப்ரீ டெலிவரி’ன்னு எழுதும்போது அந்தக் கடைசி நூறு அடியோட விலை மறைஞ்சு போகுது. மறைஞ்சாலும் யாரோ ஒருத்தர் அதைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கார், தன் நேரத்தால, பெட்ரோலால. முடியாதபோது அது உங்க மொபைல்ல ஒரு பொய் மெசேஜா வந்து நிக்குது. 2023-ல ராஜஸ்தான் கிக் தொழிலாளர்களுக்காகத் தனிச் சட்டம் போட்டுச்சு, அதே வருஷம் தமிழ்நாடு நலவாரியம் அமைச்சது. ரெண்டும் ஆரம்பம். ஒரே பகுதியில நிரந்தரமா வேலை, காத்திருக்கற நேரத்துக்கும் கூலி, ஆப்ல உண்மையைச் சொல்ல ஒரு பட்டன். இந்த மூணும் வந்தா உங்க பார்சலும் ஒழுங்கா வரும்னு நான் நினைக்கறேன். அவரோட பிரச்சினையும் உங்க பிரச்சினையும் ஒரே முடிச்சு.

உங்க தெருவுல ரொம்ப வருஷமா வர்ற தபால்காரர் யாராவது இருந்தா, அவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: ‘இந்தத் தெருவுல கண்டுபிடிக்கவே கஷ்டமான வீடு எது?’ அவர் சொல்ற பதில் எந்த மேப்லயும் இருக்காது. அதை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.